அரைப்பேர்



மலைநாட்டிலிருந்து மாதாமாதம் எழுதும் இந்தப் பக்கத்துக்கு இம்முறை ஒரு கடிதந்தான் காரணம். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். தையல் வேலை செய்து மகளைப் படிப்பிக்கிறார். மகள் ஒரு டிப்ளோமா கற்கைநெறியில் சேர்ந்திருக்கிறாளாம். வகுப்பு முழுவதும் கைத்தொலைபேசியில்தான் நடக்கிறதாம். "ஒரே வகுப்பில இருநூறு பேர் இருக்கினமாம். என்ர பிள்ளை இருக்கிறாளா இல்லையா எண்டாவது படிப்பிக்கிறவைக்குத் தெரியுமோ? இது உண்மையான படிப்புத்தானோ?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு டிப்ளோமா நடத்தும் ஒரு சிறு கல்லூரியில் நான் பல வருடங்களாகப் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்பில் 160 பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட பெரிய வகுப்பை இணையவழியில் நடத்தப் போய் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். அந்தப் பிழையைச் சொன்னால் பதிலும் அதிலேயே இருக்கும்.

முதலில் பழைய நிலைமையைச் சொல்கிறேன். 2020க்கு முன் எங்கள் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் நடக்கும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை எனப் பல இடங்களிலிருந்தும் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். சிலர் தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே மூன்று நான்கு கிலோமீற்றர் நடக்க வேண்டும். ஒலிவாங்கி வைத்துப் பேசினாலும் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அரைவாசிதான் கேட்கும். 160 பேரில் முன்வரிசை முப்பது பேரைத்தான் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். மற்றவர்கள் எனக்கு ஒப்படைத் தாள்களின் மேலிருந்த இலக்கங்கள்தான். ஆகவே, நேரில் நடந்ததெல்லாம் நல்ல படிப்பு, போனில் நடப்பதெல்லாம் போலிப் படிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய வகுப்பில் ஆள் தொலைந்து போவது பழைய வியாதி. போன் வந்த பிறகு அது வேறு வடிவம் எடுத்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. பல்கலைக்கழகங்கள் அவசர அவசரமாக இணையத்துக்குப் போயின. அரச பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற வலையமைப்பு ஸூம் வசதியைக் கொடுத்தது. அந்த வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகப் பாடத்தளங்களுக்கும் மாணவர்களிடம் டேட்டாக் காசு அறவிடாதபடி தொலைபேசிக் கம்பனிகளோடு ஒழுங்கு செய்யப்பட்டது. அது ஒரு நல்ல காரியம். ஆனால் எங்களைப் போன்ற சிறு கல்லூரிகளின் மாணவிகள் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தங்கள் காசில்தான் ரீலோட் போட வேண்டியிருந்தது. படத்தோடு ஒரு மணித்தியாலம் ஸூம் பார்த்தால் ஒரு ஜிபிக்கு அருகில் போய்விடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021 மார்ச்சில்தான். அதுவும் முழுநாள் பேர் விழுந்தால்தான்.

சிக்னல் இன்னொரு பிரச்சினை. மலைநாட்டில் டவர் ஒரு மலைக்கு இந்தப் பக்கம் இருந்தால், அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு ஒன்றும் கிடைக்காது. 2021இல் கொழும்புக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள போஹிட்டியாவ என்ற கிராமத்து மாணவர்களும் ஆசிரியரும் காட்டுவழி நடந்து ஒரு பெரிய பாறையில் ஏறி இணையப் பாடத்தைப் பெற்றதை வெளிநாட்டுச் செய்தியாளர்கள்கூடப் படம் பிடித்துப் போட்டார்கள். தோட்டங்களிலும் அப்படித்தான். கோவில் வளைவு, தண்ணீர்த்தாங்கி மேடு, தேயிலை மலையின் உச்சி என்று ஒவ்வொரு தோட்டத்திலும் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அங்கே போய் நின்றார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

2021 மே மாதம் மீண்டும் எல்லாம் மூடப்பட்டபோது, "இம்முறை ஒழுங்காக நடத்துவோம்" என்று எங்கள் கல்லூரியில் தீர்மானித்தோம். மாலை ஏழு மணிக்கு நேரடி வகுப்பு, ஒன்றரை மணித்தியாலம். கமராவைத் திறந்து முகம் காட்ட வேண்டும். வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்ற பட்டியலை ஸூம் தானாகவே தந்துவிடும். இடையில் விட்டுப் போனவர்களுக்கு அரை வரவு என்று ஒரு விதியைச் சேர்த்தவள் நான்தான். சும்மா பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறவர்களைப் பிடிக்க அது நல்ல வழி என்று நினைத்தேன். கணினி எழுதிய பட்டியல் அல்லவா, பிழை வராது, பாரபட்சமும் இராது என்று எனக்கு ஒரு நிம்மதி வேறு.

ஜூலை மாதம் பரீட்சைக்குத் தகுதியானவர்களின் பட்டியலைத் தயாரித்தபோது ஒரு பெயரில் கண் நின்றது. முதல் மூன்று வாரமும் ஒப்படைகளை மிக அழகாக எழுதியிருந்த பிள்ளை. பிறகு இரண்டு அரை வரவு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அவர் வராமற் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. 160 பேரில் ஒருவர் இல்லாததை நானோ வேறு எவருமோ கவனிக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அது மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக் கடைக்காரருடைய இலக்கம். அவர் ஆள் அனுப்பி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் எடுத்தேன்.

"வகுப்ப விட்டுட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"விடல மிஸ். முடியல," என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய தாயார் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன எத்தனையோ மலையகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. இவர் கிளிநொச்சியில் பிறந்து, அங்கேயே கலியாணம் செய்தவர். 2009இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடும் தாயோடும் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் தாயாருடைய பழைய லயத்துக்கே திரும்பி வந்தார். தோட்டத்து முன்பள்ளியில் வேலை கிடைத்தது. டிப்ளோமா இருந்தால் சம்பளம் கொஞ்சம் கூடும், வேலையும் நிலைக்கும் என்பதால் சேர்ந்தார்.

வீட்டில் இருந்தது ஒரு போன். மகளுக்கு அப்போது 12 வயது. பாடசாலைப் பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. மாதத்துக்குப் போடக்கூடிய ரீலோட் ஒருவருக்குத்தான் காணும். சிக்னல் லயத்தில் இல்லை, கோவில் வளைவில்தான். மாலை ஏழு மணிக்கு மழையிலும் இருட்டிலும் அங்கே போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே குடித்துவிட்டு நிற்கிற ஆண்களும் உண்டு. இரண்டு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். கமராவைத் திறந்தால் பின்னால் நிற்பவர்கள் தெரிவார்கள், சத்தம் போடுவார்கள். திறக்காவிட்டால் நான் பெயரைச் சொல்லிக் கேட்பேன். ஒருமணித்தியாலம் ஆனதும் டேட்டா முடிந்துவிடும்.

"ரெண்டு நாளும் அரைப்பேருதான் போட்டிருந்தீங்க மிஸ். மழையில ஒரு மணித்தியாலம் நின்னும் அரைப்பேரு. அதுக்கப்புறம், மகளாவது படிக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றார்.

'அரைப்பேர்' என்ற சொல்லை வடக்கு, கிழக்கில் உள்ள சகோதரிகளுக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர் போடுதல்' என்றால் அன்றைய வேலையைச் செக்ரோலில் பதிவது. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்து, மாலையில் தராசில் நிறுக்கும்போது தோட்டம் கேட்ட கிலோக்கணக்கு வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். அதாவது அரைநாட் சம்பளம். மலை காய்ந்து கொழுந்து இல்லாதிருந்தாலும், மழை பெய்து நனைந்திருந்தாலும், உடம்புக்கு முடியாமலிருந்தாலும் தராசு அதையெல்லாம் கேட்காது.

என் அம்மா டிக்கோயாப் பக்கத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அரைப்பேர் விழுந்த நாட்களில் அவர் சமைக்கும்போது பேசமாட்டார். அது எங்களுக்குத் தெரியும், நாங்களும் பேசமாட்டோம். அந்த அம்மாவின் மகள் நான், படித்து, விரிவுரையாளராகி, கணினிக்கு முன் உட்கார்ந்து இன்னொரு தாய்க்கு அரைப்பேர் போட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பருவத்துப் பரீட்சைக்கு அவரால் இருக்க முடியவில்லை. ஐந்து வாரப் பாடம் போய்விட்டது. நான் நிர்வாகத்தோடு பேசியும் விதியை அந்த வருடம் மாற்ற முடியவில்லை. விதியைக் கேட்டு வாங்கியவளே நான்தானே. "அடுத்த பிரிவில கட்டணம் இல்லாம சேர்க்கிறோம்" என்பது மட்டுந்தான் கிடைத்தது. ஒரு வருடம் அவருக்கு நட்டம். இதை மறைத்துவிட்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் இந்தக் கருவிகளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். பெரிய வகுப்புகளை நடத்துவதற்கென்றே செய்யப்பட்ட பாடத்தளங்கள் இருக்கின்றன. அவற்றில் 'மூடில்' என்பது எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்துவது. இலவசமாக எடுத்து யாரும் பயன்படுத்தலாம். அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் அதை உருவாக்கி 2002இல் வெளியிட்டார். அவர் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், பாடசாலை இல்லாத ஒரு தொலைதூரக் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகத்தான் பாடம் கேட்டிருக்கிறார். அந்த நாட்டில் 1951இல் தொடங்கிய 'வான்வழிப் பாடசாலை' அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சகோதரிகளுக்கு இது விளங்கும். இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்காகத் தொடங்கிய காரியம் இது. நான் அதை வசதியுள்ளவர்களுக்கு ஏற்றமாதிரிப் பாவித்ததுதான் பிழை.

மூடில் போன்ற தளத்தில் என்ன செய்யலாம்? பாடத்தை ஆசிரியர் அதில் வைத்துவிடுவார். மாணவி தனக்கு முடிந்த நேரத்தில், விடியற்காலை நான்கு மணிக்கானாலும், எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை இறக்கிய பாடத்தைச் சிக்னல் இல்லாத வீட்டில் வைத்துப் படிக்கலாம். சிறு வினாக்களுக்கு விடை எழுதினால் சரி பிழையைத் தளமே உடனே சொல்லும். 160 பேருடைய விடைகளைத் திருத்தும் வேலை ஆசிரியருக்குக் குறையும். பெரிய வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எந்தப் பாடத்தைத் திறந்தார், யார் இரண்டு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை என்ற விபரம் ஆசிரியருக்குத் தெரியும்.

இந்தக் கடைசி வசதி எனக்கு ஸூமிலும் கிடைத்ததுதான். நான் அதை வரவு வெட்டப் பயன்படுத்தினேன். யாரைத் தேட வேண்டும் என்று காட்டும் பட்டியலாக அதை நான் பார்க்கவில்லை. எல்லா வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது.

உலகத்திலும் இதே பாடத்தைத்தான் கற்றிருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு வகுப்பை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 160,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். திறமான ஆசிரியர்கள், நல்ல தொழில்நுட்பம், இலவசம். இவ்வளவு இருந்தும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழியில் நின்றுவிட்டார்கள். எல்லோரும் கஷ்டத்தால் நின்றார்கள் என்றில்லை. சும்மா பார்க்க வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் யார் எதற்காக நின்றார் என்று ஒவ்வொருவரையும் கேட்க அத்தனை பெரிய வகுப்பில் ஆள் ஏது?

இதற்கு மாறான வழியும் உண்டு. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் மாணவர்களைச் சேர்த்தபோதே, பாடம் எத்தனை ஆயிரம் பேருக்குப் போனாலும், ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு துணை ஆசிரியரை வைத்தது. ஒப்படையைத் திருத்தி, கடிதம் எழுதி, மாணவியைப் பெயர் சொல்லி விசாரிப்பது அவருடைய வேலை. எங்கள் நாட்டின் திறந்த பல்கலைக்கழகமும் 1980இலிருந்து அச்சிட்ட பாடநூலைக் கையில் கொடுத்து, ஒப்படை வாங்கி, யாழ்ப்பாணம், கண்டி, மட்டக்களப்பு போன்ற இடங்களில் பிராந்திய நிலையங்களை வைத்துத் தூரத்தில் இருப்பவர்களுக்குப் படிப்பித்து வருகிறது. இணையம் பிறகுதான் வந்து சேர்ந்தது. தூரத்திலிருந்து படிப்பிப்பது புதிய கலை அல்ல. நாங்கள்தான் அவசரத்தில் புதிதென்று நினைத்துவிட்டோம்.

2022 தொடக்கத்தில் புதிய பிரிவைச் சேர்த்தபோது எங்கள் முறையை மாற்றினோம். ஒன்றரை மணித்தியால நேரடி வகுப்பை நிறுத்தினோம். பாடத்தைப் பத்து நிமிடக் குரற்பதிவுகளாகப் பிரித்தோம். வட்ஸ்அப்பில் ஒரு பதிவுக்கு இரண்டு மூன்று எம்பிதான் போகும். கூடவே இரண்டு பக்கக் குறிப்பு. போனே இல்லாதவர்களுக்கு அச்சிட்ட குறிப்பைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டோம். நேரடிச் சந்திப்பு மாதத்தில் ஒன்று, அதுவும் ஞாயிறு பகல் வெளிச்சத்தில். கமரா கட்டாயமில்லை. வரவுக்குப் பதிலாக, வாரம் ஒரு சிறு வேலை. 'உங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளோடு இந்த வாரம் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்' என்பது போல. ஞாயிறு இரவுக்குள் எப்போது அனுப்பினாலும் முழு வரவு. அரை வரவு என்பதை எடுத்தேவிட்டோம்.

160 பேரையும் பத்து குழுக்களாகப் பிரித்தோம். அருகருகே உள்ள தோட்டங்கள் ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி. திங்கட்கிழமை காலையில் நான் தளத்திலிருந்து பட்டியலை எடுப்பேன். அனுப்பாதவர்களின் பெயர்கள் அந்தந்தத் தலைவிக்குப் போகும். அவர் போன் எடுத்து, "என்ன நடந்தது?" என்று கேட்பார். "ஏன் அனுப்பல்ல?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஒரு வாரத்தில் இருபது இருபத்தைந்து பேர் பட்டியலில் வருவார்கள். ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ரீலோட் இல்லை, ஒருவரின் போனை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். அநேகம் ஒரு போன் அழைப்பில் தீரும் விடயங்கள். தீராதவை என்னிடம் வரும்.

இந்த முறை சீக்கிரமே சோதனைக்குள்ளானது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூனில் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் நின்றது. பகலில் நடத்துவோம் என்ற மாதச் சந்திப்பு நடக்கவில்லை. ஆனால் குரற்பதிவும் குறிப்பும் போனது. கரண்ட் வந்த நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டு இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரிவில் இடைநின்றவர்கள் ஒற்றை எண்ணிக்கையில்தான். நேரில் நடத்திய வருடங்களில்கூட அதைவிட அதிகம் பேர் நின்றிருக்கிறார்கள்.

கருவிகளை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாட்டில் மண் சரிந்தபோது பல இடங்களில் வீதி, மின்சாரம், தொலைபேசி எதுவும் இல்லை. அந்த நாட்களில் தளத்தில் உள்ள பட்டியலால் ஒரு பயனும் இல்லை. குழுத் தலைவிகளின் கொப்பியில் எழுதி வைத்த தோட்டப் பெயரும், எந்த லயம் என்ற விபரமுந்தான் உதவின. யார் பத்திரமாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து அறிந்தோம். முகாமில் பெயர்ப்பட்டியலுக்கு முன் நின்று, தன் ஆட்களுடைய பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிய உங்களுக்கு, ஒருவரின் பெயரை விசாரிக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி முல்லைத்தீவுத் தாயின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, போனில் நடப்பதால் அது பொய்ப் படிப்பாகிவிடாது. இருநூறு பேர் இருப்பதாலும் ஆகிவிடாது. ஆனால் சில கேள்விகளை மகள் அந்த நிறுவனத்திடம் கேட்கட்டும். பாடத்தை இறக்கிவைத்துப் பிறகு படிக்கலாமா, அல்லது அந்த நேரத்தில் இருந்தே தீர வேண்டுமா? அச்சிட்ட குறிப்பு உண்டா? ஒப்படையைத் திருத்தி, எங்கே பிழை என்று எழுதித் திருப்பித் தருகிறார்களா, வெறும் புள்ளி மட்டுமா? கஷ்டம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஆள் இருக்கிறாரா? இரண்டு வாரம் வராவிட்டால் அவர்கள் விசாரிப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

காசு கட்டுமுன் நிறுவனத்தின் பதிவையும் பாருங்கள். தொழிற்பயிற்சிக் கற்கைநெறி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றதா என்று கேளுங்கள். பதிவு இலக்கம் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் காசு கட்ட வேண்டாம். உங்கள் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, 'வகுப்பில் சேர்க்க' என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

படிக்கும் சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தனியே படிக்காதீர்கள். அதே வகுப்பில் உள்ள நான்கைந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் இறக்கிய பாடத்தை மற்றவர்களுக்கு டேட்டாச் செலவில்லாமல் போனுக்குப் போன் மாற்றிக் கொடுக்கலாம். ஒரு நாள் வர முடியாவிட்டால் வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். "மிஸ்ஸுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது" என்று அந்தப் பிள்ளை ஐந்து வாரம் இருந்துவிட்டார். எனக்குத் தெரியாதது என் பிழை. ஆனால் ஒரு வரி வந்திருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும். வீட்டில் ஒரு போன்தான் என்றால் தாயும் மகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் தாய்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மஸ்கெலியாப் பிள்ளை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2022 பிரிவில் மீண்டும் சேர்ந்தார். அதிகாலையில் மகள் எழும்புமுன் குரற்பதிவைக் கேட்பாராம். அடுத்த வருடம் நல்ல பெறுபேற்றோடு டிப்ளோமாவை முடித்தார். இப்போது அவர் எங்கள் குழுத் தலைவிகளில் ஒருவர். திங்கட்கிழமை நான் பட்டியலை அனுப்பினால், பத்துக் குழுக்களிலும் முதலாவதாகப் பதில் வருவது அவரிடமிருந்துதான். சென்ற வாரம் அவருடைய குழுவில் மூன்று பெயர்கள் விடுபட்டிருந்தன. மாலையில் எடுத்துச் சொன்னார்: "ரெண்டு பேருக்கு ரீலோட் இல்ல மிஸ். மத்தவங்க வீட்டுக்கு நானே நாளைக்குப் போறேன். போன்ல சொல்ல மாட்டேங்கிறாங்க."

போய்வந்து என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அது அந்த வீட்டு விடயம். ஆனால் இந்த வாரம் அந்தப் பெயருக்கு நேரே ஐந்து வரி வந்திருந்தது. முழுப்பேர் போட்டேன்.

அடுத்த மாதம் சந்திப்போம். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.